மூன்று பிள்ளைகள், மூன்று நாள், ஒரு மும்பை

பெருநகரம் ஒன்றுக்குக் குடும்பத்துடன் மூன்று நாள் சென்றுவரத் தீர்மானித்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவதுதான். மும்பை என்றால் கேட்வே ஆஃப் இந்தியா, எலிபெண்டா, மெரைன் டிரைவ், ஹாஜி அலி, சித்திவிநாயகர் கோயில், ஜூஹு கடற்கரை, திரைப்பட நகரம் என்று அது நீண்டுகொண்டே போகும். உடன் வரும் பிள்ளைகளின் வயது அப்பட்டியலில் எங்கும் இடம்பெறாது. தொடக்கத்திலேயே நேரும் இக்குறைதான் இரண்டாம் நாள் மாலையில் அழுகையாகவும் முகவாட்டமாகவும் வெளிப்படுகிறது என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மூத்தவள் பதினைந்து வயதினள், பத்தாம் வகுப்பு. நடுப்பிள்ளை பத்து வயதுச் சிறுவன். கடைக்குட்டிக்கு நான்கு வயது. பெற்றோரையும் சேர்த்து ஐவர். வெள்ளிக்கிழமை நண்பகலில் மும்பை சென்று, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும் நேரம் மொத்தம் 28 மணி நேரம் என்றால், குளியல், உணவு, கடைக்குட்டியின் பகலுறக்கம், நகருக்குள் இடம்விட்டு இடம் செல்லுதல் ஆகியவற்றுக்கே அதில் பாதி கரைந்துவிடும். எஞ்சுவது 14 மணி நேரம். அதற்குள் பன்னிரண்டு இடங்களைத் திணிப்பவர் எந்த இடத்தையும் பார்க்கப்போவதில்லை. வாகன நெரிசலை மட்டுமே பார்ப்பார்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது, எப்போது உண்பது, எப்போது அறைக்குத் திரும்புவது என்னும் நேரக் கணக்கைக் கடைக்குட்டியிடம் விட்டுவிட வேண்டும். எந்த இடத்துக்குச் செல்வது என்னும் முடிவில் மூத்தவளுக்கே முதல் உரிமை. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சிறு குழந்தைக்கென்று இடத்தைத் தேர்ந்தெடுத்து, பெரியவர்களின் வேகத்தில் ஓடுகிறோம். நான்கு வயதுக் குழந்தைக்கு இடம் ஒரு பொருட்டே அன்று. புறா இருந்தால் போதும். மணல் இருந்தால் போதும். ஏறி இறங்கப் படிகள் இருந்தாலும் போதும். நேரந்தவறிய உணவையும் உறக்கத்தையும்தான் அக்குழந்தையால் தாங்க இயலாது. பதினைந்து வயதினள் பசியைப் பொறுப்பாள். ஆனால் தனக்கென்று எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி வைக்கப்படுவதைப் பொறுக்கமாட்டாள்.

எலிபெண்டா தீவுப் பயணம் இதற்கு நல்ல சான்று. கேட்வேயிலிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். கடைக்குட்டிக்கு அந்தப் படகுதான் எலிபெண்டா. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களும், குளிர்காலமாயின் படகைத் தொடர்ந்து பறந்துவரும் கடற்பறவைகளும், தீவில் இறங்கியதும் காத்திருக்கும் பொம்மை ரயிலும் அதற்கு நிறைவானவை. அதன்பின் குகைவரை ஏறவேண்டிய படிகள் சுமார் 120. இருபுறமும் கடைகள்; இடையிடையே குரங்குகள். கையில் தின்பண்டம் எதையும் வெளியே வைத்திருத்தல் ஆகாது. மேலே, 6ஆம் நூற்றாண்டு அளவில் ஒரே பாறையில் குடையப்பட்ட குகையில், சுமார் 6 மீட்டர் உயரமுள்ள மும்முகச் சதாசிவர் திருவுருவம் அரையிருளில் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் விரல் நீளப் படமாகப் பார்த்த ஒன்றன் முன் நேரில் நிற்பது பதினைந்து வயதில் ஒருவருக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லி விளங்கவைக்க இயலாது. அவ்விடத்தில் மூத்தவளை அரை மணி நேரம் அவள் போக்கில் விட்டுவிட வேண்டும். “வா, வா, படகுக்கு நேரமாயிற்று” என்று இழுத்துச் செல்வதாயின் அங்கே போகவே வேண்டியதில்லை.

காலையில் முதற்படகுகளுள் ஒன்றில் சென்றால் மதிய உணவுக்குப் பின் கடைக்குட்டியை அறையில் உறங்கவைத்துவிடலாம். திங்கட்கிழமை எலிபெண்டா குகைகளுக்கு விடுமுறை. மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பால் படகுகள் நின்றுபோவதும் உண்டு. 2024 டிசம்பரில் இக்கடற்பகுதியில் படகு விபத்து நேர்ந்து உயிர்கள் பலியானதை நாம் மறந்துவிடலாகாது. படகில் ஏறியவுடன் உயிர்காக்கும் மேலாடையை அணிவதுடன், குழந்தையின் உடலளவுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். பெரியவர்களுக்கான மேலாடை நான்கு வயதுக் குழந்தைக்குத் தலைவழியே கழன்றுவிடும். பொருத்தமானது இல்லையென்றால் அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் குறைவொன்றும் இல்லை.

அடுத்து நான் சொல்லவிருப்பது சிலருக்கு உவப்பாக இராது. குடும்பப் பயணத்தில் அரை நாளேனும் குடும்பம் இரண்டாகப் பிரிந்து செல்ல வேண்டும். “சேர்ந்திருப்பதற்காகத்தானே வந்தோம்?” என்னும் கேள்வி எழும். வந்தது உண்மைதான், ஆயினும் ஐவரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்போல் நகர்ந்தால், கடைக்குட்டியின் நடைதான் எல்லாருக்கும் நடையாகிறது. அதற்கும் மேலான ஒரு காரணமும் உண்டு. ஏதாவதொரு மாலையில் கேட்வே முன்றிலில் சற்றே நின்று பாருங்கள். அப்பா பெரிய பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். அம்மா உறங்கிவிட்ட சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு, பைகளுக்குக் காவலாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பயணச் செலவில் சரிபாதி அவருக்காகவும் செய்யப்பட்டதுதான். அவர் கண்டதோ பைகளை மட்டுமே. இஃது ஒரு குடும்பத்தின் காட்சி அன்று, பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம்.

ஆகவே ஞாயிறு காலையில் கடைக்குட்டி அப்பாவின் பொறுப்பு. பைக்குலாவில் உள்ள வீரமாதா ஜிஜாபாய் போசலே உத்யான் விலங்குக்காட்சி சாலையில் 2017 முதல் பென்குவின்களைப் பார்க்கலாம். திறக்கும் நேரத்திலேயே சென்றுவிடுவது நல்லது. புதன்கிழமை அங்கே விடுமுறை. அதே வளாகத்தில் ஒரு பெரிய கல் யானை நிற்கிறது. போர்ச்சுகீசியர் அத்தீவுக்கு ‘எலிபெண்டா’ என்று பெயரிடக் காரணமான யானை அதுவே. தீவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. முந்தைய நாள் தீவில் இல்லாத யானையைக் கடைக்குட்டி கண்டுபிடித்து அக்காவிடம் சொல்லட்டும்.

அதே வேளையில் அம்மாவும் மூத்தவளும் தனியே, காலா கோடா பகுதியில் உள்ள சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அருகிலேயே 1952இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடம். ஓவியங்கள் பிடிக்காவிட்டாலும் குற்றமில்லை. இருவரும் எங்காவது ஓர் இரானி தேநீரகத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் அந்தக் காலைப்பொழுது வீணன்று. பத்தாம் வகுப்பு முடிந்தால் மேல்நிலை வகுப்பு, நுழைவுத்தேர்வுப் பயிற்சி, அதன்பின் கல்லூரி விடுதி. மூன்று பிள்ளைகளும் ஒன்றாகப் புறப்படக்கூடிய விடுமுறைகள் இன்னும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். இப்பயணத்தைக் கடைக்குட்டி நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. நினைவில் வைத்திருந்து பின்னாளில் அதற்குச் சொல்லப்போகிறவள் அக்காதான்.

நடுப்பிள்ளையைப் பெரும்பாலும் யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. தூக்கிவைத்துக்கொள்ளும் வயதும் இல்லை, தனியே விடும் வயதும் இல்லை. அவன் விருப்பத்துக்கென்று ஒரு வேளையை ஒதுக்குவது கடினமன்று. கோட்டைப் பகுதியில் சர் பெரோஸ்ஷா மேத்தா சாலையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தது. பழங்கால வெள்ளிக் காசு முதல் இன்றைய நோட்டுவரை காணலாம். சிறிய இடம்; ஒரு மணி நேரம் போதும். வெள்ளி பிற்பகலில் அதை முடித்துக்கொண்டு மாலையில் மெரைன் டிரைவ் சுவரில் ஐவரும் உட்கார்ந்துவிடலாம். அந்த ஓர் இடம் எல்லா வயதுக்கும் பொது. நுழைவுக் கட்டணமும் இல்லை. எல்லையில் கிர்காவ் சௌபாட்டி மணலும் உண்டு. பயணக் கணக்கு நோட்டையும் நடுப்பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். பத்து வயதில் கணக்கு எழுதுவோர் காட்டும் கண்டிப்பை எந்தத் தணிக்கையாளரிடமும் காண இயலாது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பையில் பணம் செலவிட வேண்டியது அறையின் அளவுக்கு அன்று, அறை இருக்கும் இடத்துக்கு. அந்தேரியில் பெரிய அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து கேட்வே 25 கிலோமீட்டர் அளவு; நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். போய்வர மூன்று மணி. நம்மிடம் இருப்பதே 14 மணி நேரம் என்பதை நினைவிற்கொண்டால், சர்ச்கேட், கோட்டை, கொலாபா பகுதிகளில் சிறிய அறை எடுப்பதே உண்மையான சிக்கனம். தென் மும்பையில் ஆட்டோ ஓடாது. கறுப்பு மஞ்சள் டாக்சிதான். அதில் நால்வர்க்கே இடம். ஐவர் குடும்பம் எப்படியும் இரண்டு வண்டி எடுக்க வேண்டும். பிரிந்து செல்லும் யோசனைக்கு இதுவும் ஒரு துணை.

லோக்கல் ரயிலில் ஒருமுறையேனும் பிள்ளைகள் பயணம் செய்யவேண்டும். நாட்டின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இந்நகரிலிருந்து தாணேவுக்குத்தான் ஓடியது. ஆனால் காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் கூட்டம் அலைமோதும். அந்நேரங்களில் குழந்தைகளுடன் ஏறுவது கூடாது. ஞாயிறுகளில் பராமரிப்புப் பணிக்காகச் சில தடங்களில் ரயில்கள் நிறுத்தப்படும். எல்லா நிலையங்களிலும் நிற்கும் மெதுரயிலையே தேர்ந்தெடுங்கள். நடைமேடைக்குச் செல்லுமுன் ஒரு விதியைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கிவிட வேண்டும்: யாரேனும் விடுபட்டால், ரயிலில் சென்றவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பார், நடைமேடையில் இருப்பவர் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். இரு தரப்பும் ஒருவரையொருவர் தேடிப் புறப்படுவதுதான் ஆபத்து. கடைக்குட்டியின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவைப்பதும் பயனுள்ளது.

மூத்தவளிடம் ஒரு நாள் உணவுச் செலவை ஒப்படைத்துப் பாருங்கள். யுபிஐ சர்க்கிள் வசதியில், நம் கணக்கிலிருந்து குடும்பத்தினர் ஒருவர் செலவிட அனுமதி தரலாம்; ஒவ்வொரு செலவுக்கும் நம் ஒப்புதல் தேவை என்றும் அமைத்துக்கொள்ளலாம். வடாபாவ் உண்டு மிச்சம் பிடித்து, மாலையில் ஐஸ்கிரீமுக்கு வழி செய்வது அவள் திறமை. இடையில் நாம் ஆலோசனை சொல்லாதிருப்பதுதான் கடினம்.

இத்தகைய சிறு பயணத்துக்குத் தனிநபர் கடன் வாங்குவதை நான் ஏற்பதில்லை. வங்கியின் இதழிலேயே இதை எழுதுவதற்கு ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். மாதம் 3,000 ரூபாய் வீதம் பத்து மாதம் தொடர் வைப்பில் சேர்த்தால் 30,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அது போதாதென்றால் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம்.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைக்குப் படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் பயணம் என்பதால் நடுப்பிள்ளைக்குப் படுக்கை எடுப்பதே முறை. சில ரயில்கள் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம்வரை செல்லும். சில குர்லாவில் உள்ள லோக்மான்ய திலக் முனையத்திலேயே நின்றுவிடும். போகும்போது முன்னதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டிகளுடன் நகரைக் கடக்கும் தொல்லை இல்லை. திரும்பும் ரயில் தாதரில் நிற்குமானால் ஏறுமிடத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில்தான் மாட்டுங்கா. பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்துவரும் அப்பகுதியின் உணவகங்களில் மாலைச் சிற்றுண்டியை முடித்து, கடைக்குட்டிக்கு இரவுக்கென்று தயிர்ச்சாதமும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடலாம்.