சுருக்குங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சுருக்குங்கள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் எங்கள் ஐந்தாம் வகுப்புக் குழுப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினார். இரண்டாம் வரிசையில் நிற்கும் பையன் இன்று உயிரோடு இல்லை. அவனுடைய அம்மாவிடம் காட்டலாம் என்று பெரிதாக்கினேன். முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் கறைதான் தெரிந்தது. அனுப்பிய செயலி யாரையும் கேட்காமலே படத்தைச் சுருக்கிவிட்டது.

அதற்காகச் சுருக்குவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். தீபத்தன்று நம் ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். மாலை 6 மணிக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் படம் அனுப்பப் பார்ப்பார்கள். கூட்டத்தில் பிரிந்துபோன உறவினர் 'தேரடி வீதியில் இருக்கேன்' என்று அனுப்பும் ஒரு வரிகூட வந்து சேராது. எல்லோருடைய சுமையும் குறைந்தால்தான் அந்த ஒரு வரிக்கு வழி கிடைக்கும்.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். 'திருவண்ணாமலை' நமக்கு 7 எழுத்து. யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் அது 36 பைட். ஆங்கில எழுத்தில் அதே பெயர் 14 பைட்தான். இந்தச் சுமையை இறக்க வழி உண்டு. 1977-ல் லெம்பல், சிவ் என்ற இரு இஸ்ரேல் அறிஞர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒருமுறை வந்தது மறுபடி வந்தால் திரும்ப எழுதாமல், முன்பு வந்த இடத்தை மட்டும் குறித்துவிடுவது. பதிவேட்டில் நாங்கள் 'மேற்படி' போட்டோமே, அதேதான். ஜிப் கோப்பு இந்த வழியில் வந்தது. விரித்தால் ஒரு புள்ளிகூடக் குறையாது. மடித்த வேட்டி மாதிரி.

ஜேபெக் படம் வேறு. படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிடும். அளவு மீறிச் சுருக்கினால் அந்தக் கட்டங்களே தெரியும். இது கத்தரித்த வேட்டி. போனது திரும்பாது.

மென்பொருள் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் செயலியில் மதிப்பெண் பட்டியல், பஸ் நேரம் போன்ற எழுத்தையெல்லாம் இழப்பில்லாமல் சுருக்குங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். விலை குறைந்த போனிலும் அது தடங்கலில்லாமல் விரிகிறதா என்று சோதியுங்கள். படத்தைச் சுருக்கும் முன் மட்டும் 'அசலா, சிறியதா?' என்று தமிழில் கேளுங்கள். எதை இழக்கலாம் என்பது படத்துக்கு உரியவர் முடிவு.

உறவுகளே, பழைய படம், பத்திரம், சான்றிதழ் எதுவானாலும் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். அசலை அழித்துவிடாதீர்கள்.

நல்லவேளை, அந்த மாணவரிடம் அசல் இருந்தது. மறுபடி அனுப்பினார். நேற்று அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த வகுப்புப் படம் வேறு யாரிடமாவது இருந்தால் சுருக்காமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்