பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டாதீர்கள்

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது என்று அரசு அறிவித்ததும் நம் ஊரில் பலருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருசம் தொடர்ந்து பிள்ளைகளைப் பொதுத்தேர்வில் உட்கார வைப்பது கொடுமை. ஆனால் 2018 மார்ச்சில் அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பதை அதற்குள் மறந்துவிட்டோம். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருசம் உருப்போட வைத்தன. அதை நிறுத்தத்தான் தேர்வு வந்தது. இப்போது தேர்வு போய்விட்டது. பழைய வியாதி திரும்ப வராது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

"நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பிளஸ் ஒன் கேள்வி வருதுங்களே சார், எப்படித் தாண்டுவாங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தேர்வுகளை எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? நம் தாலுகாவில் மற்ற பிள்ளைகள் பொறியியலுக்கும், ஐ.டி.ஐ.க்கும், கலைக்கல்லூரிக்கும் போகிறார்கள். 2007-இல் நுழைவுத்தேர்வு நின்றதிலிருந்து பொறியியல் கட்-ஆஃப் முழுக்க பிளஸ் டூ மதிப்பெண்தான். பிளஸ் ஒன் மார்க்குக்கு அங்கே மதிப்பே இல்லை. மதிப்பில்லாத பாடத்தை நடத்த எந்த மேனேஜ்மென்ட் மெனக்கெடும்?

இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் என் பாடத்தைப் பற்றியே சொல்கிறேன். விண்வெளி, பருவநிலை, எலெக்ட்ரானிக்ஸ் மூன்றும் இன்றைய பிள்ளைக்குத் தெரிந்தே ஆகவேண்டியவை. இதில் முதல் இரண்டுக்கும் அஸ்திவாரம் பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது, ஈர்ப்பியலும் வெப்பவியலும். எலெக்ட்ரானிக்ஸ் பிளஸ் டூவில் பத்தாவது அலகு, கிட்டத்தட்ட புத்தகத்தின் கடைசி. டிசம்பரில் "போர்ஷன் முடிக்கணும்" என்ற அவசரத்தில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆக, அந்த மூன்றும் பிள்ளைக்கு ஒழுங்காகக் கிடைக்காது.

இத்தனைக்கும் பல்லடத்தைப் போல இந்தப் பாடங்களுக்கு வாய்த்த ஊர் வேறு இருக்குமா! பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவத்தில் அது வழியே புகுந்து வரும் காற்றுதான் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்கு. இதை ஆடி மாதம் மைதானத்தில் நிற்க வைத்துச் சொன்னால் எந்தப் பையன் மறப்பான்?

கறிக்கோழிப் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் நீர்த்திவலை தெளிக்கிறோமே, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதுதான் அங்கே நடப்பது. காற்றில் ஈரம் அதிகமாகிவிட்டால் தெளித்தும் பலன் குறைவு. உள்ளுறை வெப்பம் என்பது இந்த ஊர்க்காரனுக்கு வயிற்றுப்பாட்டு விஷயம். அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் பூமி சூடாவதைச் சொல்லிவிடலாம். சுமார் 5,800 கெல்வினில் இருக்கும் சூரியன் ஒளியாக அனுப்புவதை, 288 கெல்வினில் இருக்கும் பூமி அகச்சிவப்பாகத் திருப்பி அனுப்புகிறது. அதைக் கார்பன் டை ஆக்சைடு பிடித்து வைக்கிறது. அந்த வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

விண்வெளிக்கும் தூரம் போகவேண்டாம். சந்திரயான் சோதனைக்கு நிலா மண் போல ஒன்று வேண்டியிருந்தபோது, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் எடுத்துப் போனார்கள். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்தவர். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் எதற்கு என்று கேட்டால் அதுவே ஒரு பாடம்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும், எரிபொருள் வீண். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகக் கடல் மேலேயே போகலாம்.

எலெக்ட்ரானிக்ஸுக்கு நாலு டயோடு, ஒரு மின்தேக்கி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும். செல்போன் சார்ஜருக்குள் ஏசி எப்படி டிசி ஆகிறது என்ற அடிப்படையைப் பிள்ளை தன் கையால் செய்து பார்க்கும். ஆனால் பல பள்ளிகளில் என்ன நடக்கிறது? ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடும், செய்முறைப் பெட்டிக்குப் பூட்டு, ரெக்கார்டு நோட்டில் ரீடிங் மட்டும் அச்சுப்பிசகாமல் இருக்கும்.

அதற்காகத் தேர்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தேர்வு இருந்தபோதும் மனப்பாடம்தான் நடந்தது. பாடத்திட்டம் போடும்போது அலகு எண்ணைப் பார்க்காமல் ஊர்ப் பருவத்தைப் பார்த்துப் போடுங்கள் என்கிறேன். ஜூனில் ஈர்ப்பியல், ஆடியில் காற்று, வெப்பம் கோடையை நெருங்கி, பிளஸ் டூவில் டயோடு காலாண்டுக்கு முன்னாலேயே. பிளஸ் ஒன் செய்முறைக்கு வேறு பள்ளி ஆசிரியரே மதிப்பெண் போடட்டும்.

பேரன் பேத்தி பிளஸ் ஒன் படிக்கும் வீட்டுப் பெரியவர்கள் இன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்யலாம். பள்ளியில் எந்தப் புத்தகம் நடக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். அதில் பன்னிரண்டு என்று போட்டிருந்தால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் கேளுங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே.