போட்டோவில் தங்க நிறம், நேரில் பழுப்பு... உங்க ஸ்கிரீன் காட்டும் கலர் நிஜம்தானா?

ஒரே வெல்லம், ஒரே போட்டோ. ஒரு போனில் பார்த்தால் பொன்னிறம். இன்னொரு போனில் ஆரஞ்சு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தால் மங்கிப்போன பழுப்பு. எதை நம்புவது?

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பக்கம் இது காசு விஷயம். காவிரிக் கரை, படுகை அணையில் இருந்து பிரியும் ராஜவாய்க்கால், அந்தத் தண்ணீரை நம்பிய கரும்பு, அதைச் சுற்றி வெல்ல ஆலைக் கொட்டகைகள் என்று இருக்கும் பகுதி இது. இங்கே காய்ச்சும் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பமாக பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்ல விலை, கருத்திருந்தால் விலை இறங்கும்.

இதில்தான் சிக்கலே. கரும்புச் சாறை அப்படியே காய்ச்சினால் வெல்லம் பெரும்பாலும் பழுப்பாகத்தான் வரும். பளிச்சென்ற மஞ்சளுக்காக சிலர் 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கலக்கிறார்கள், சர்க்கரையும் சேர்க்கிறார்கள். பொங்கல் நெருங்கினால் சேலம், நாமக்கல்லில் உணவு பாதுகாப்புத் துறை சோதனை என்று செய்தி வருவது வழக்கம். இப்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ரேட் பேசும் காலம். கெமிக்கல் போடாமல் காய்ச்சியவரின் சரக்கு, வாங்குபவரின் ஸ்கிரீனில் இருப்பதைவிடக் கருப்பாகத் தெரிந்தால் நஷ்டம் யாருக்கு?

கலர் ப்ரொஃபைல்னா என்ன?

டிஜிட்டல் படத்தில் நிறம் கிடையாது, நம்பர்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. '255 சிவப்பு' என்றால் எவ்வளவு சிவப்பு? அது அந்தந்த ஸ்கிரீனைப் பொறுத்தது. 'கால் படி' என்று சொல்லிவிட்டு எந்த ஊர் படி என்று சொல்லாத மாதிரி. எந்த ஊர் படி என்று சொல்லும் சீட்டுதான் கலர் ப்ரொஃபைல். படத்துக்கு ஒன்று இருக்கும், மானிட்டருக்கு ஒன்று இருக்கும். இரண்டையும் படித்து எண்களை மாற்றிக் கொடுப்பது சாஃப்ட்வேரின் வேலை. இதற்குப் பொது விதி வகுக்கத்தான் 1993-ல் ஐ.சி.சி. என்ற சர்வதேச அமைப்பு உருவானது.

1996-ல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்த எஸ்.ஆர்.ஜி.பி.தான் இன்றுவரை இணையத்தின் பொதுப் படி. ஆனால் ஐபோன் 7 வந்த 2016-லிருந்து ஆப்பிள் போன்கள் 'டிஸ்ப்ளே பி3' என்ற பெரிய படியில் படம் எடுக்கின்றன. எஸ்.ஆர்.ஜி.பி.யைவிட சுமார் 25 சதவீதம் கூடுதல் நிறங்கள் அதில் அடங்கும். அந்தப் படம் கைமாறும்போது சீட்டு தொலைந்தாலோ, திறக்கும் சாஃப்ட்வேர் சீட்டைப் படிக்காவிட்டாலோ நிறம் மங்கிவிடும். தலைகீழாகவும் நடக்கும். சாதாரண எஸ்.ஆர்.ஜி.பி. படத்தை, அதிக நிறம் காட்டும் மானிட்டரில் மாற்றமில்லாமல் அப்படியே காட்டினால் பழுப்பு வெல்லம் தகதகவென்று ஆரஞ்சாகிவிடும்.

சேலம் இளம்பிள்ளை சேலை வியாபாரத்தில் இந்தத் தலைவலி இன்னும் அதிகம். ராமர் பச்சை, மயில்கழுத்து நிறங்களில் அடர்த்தியானவை பல எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்கு வெளியே இருப்பவை. எவ்வளவு நல்ல கேமராவில் எடுத்தாலும் சாதாரண ஸ்கிரீனில் அவை முழுசாகத் தெரியாது. 'நிறம் சற்று மாறுபடலாம்' என்று ஆன்லைன் கடைகள் போடும் வரி எப்போதும் சாக்கு அல்ல, பாதி நேரம் உண்மை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் போன். பல ஆண்ட்ராய்டு போன்களில் திரை அமைப்பு 'விவிட்'டில் இருக்கும். அதை 'நேச்சுரல்' ஆக்குங்கள். ராத்திரி நேரத்து ப்ளூ லைட் ஃபில்டர் ஆனில் இருந்தால் வெல்லம் என்ன, சுண்ணாம்பே மஞ்சளாகத்தான் தெரியும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஸ்டார்ட்டில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடுங்கள். உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும் அதே மாடலின் ப்ரொஃபைலைச் சேர்க்கலாம். வேறு மாடலின் ஃபைலைப் போடாதீங்க, சும்மா இருந்ததும் கெட்டுவிடும். அது கிடைக்காவிட்டால் மானிட்டர் மெனுவிலேயே எஸ்.ஆர்.ஜி.பி. மோடு இருக்கிறதா பாருங்கள், வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும். தினமும் கலரை வைத்துத் தொழில் செய்பவர்கள் மட்டும் ஸ்கிரீன் மேல் வைத்து அளக்கும் கலரிமீட்டர் வாங்கலாம். நாமக்கல் முட்டைக்காரர்களுக்கு இது புரியும். மஞ்சள் கருவின் நிறத்தைப் பார்க்க விசிறி மாதிரியான நிற அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்களே, அதே வேலையை இந்தக் கருவி ஸ்கிரீனுக்குச் செய்கிறது.

போட்டோஷாப்பில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அசைன் ப்ரொஃபைல்' கொடுத்தால் எண்கள் அப்படியே இருக்கும், தெரியும் நிறம் மாறிவிடும். 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' கொடுத்தால் எண்கள் மாறும், தெரியும் நிறம் கூடியவரை அப்படியே நிற்கும். அடுத்தவருக்கு அனுப்ப, எஸ்.ஆர்.ஜி.பி.க்கு கன்வர்ட் செய்து, ப்ரொஃபைலையும் படத்தோடு சேர்த்து சேவ் பண்ணுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் கொட்டகைக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தை ப்ரொஃபைல் காப்பாற்றாது. பகலில் நிழலான இடத்தில், ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பார்ப்பவர் ஸ்கிரீனில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால், வெல்லத்தின் நிறமும் அதே அளவு தப்பாகத் தெரிகிறது என்று அவருக்கே புரிந்துவிடும். ஹைட்ரோஸ் கலந்ததா, இல்லையா என்பதை மட்டும் எவ்வளவு சரியான ஸ்கிரீனும் சொல்லாது. அதற்கு சாம்பிள் ஆய்வகத்துக்குத்தான் போகணும்.