எழுதியாச்சு சார்!

கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினது அந்தக் கணமே டிஸ்க்கில் ஏறிவிட்டதாக நம்புகிறவரா நீங்கள்? பெரும்பாலும் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் அதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு 'ஆச்சு சார்' என்று சொல்லிவிடும். டிஸ்க்குக்கு அனுப்புவது அப்புறம், சாவகாசமாக. தபாலை வாங்கி டிராயரில் போட்டுக்கொள்கிற ஆபீஸ் ஆசாமி மாதிரி.

உங்கள் பேங்க் பாலன்ஸை வைத்திருக்கும் டேட்டாபேஸுக்கு இந்த சாவகாசம் ஆகாது. 'டிராயர் வேண்டாம், நேரே டிஸ்க்கில் எழுது' என்று கேட்க லினக்ஸில் ஓ-டைரக்ட் என்று ஒரு வழி இருக்கிறது. எழுதுவது பெரிய விஷயமில்லை. பாதியில் டிஸ்க் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்பதில்தான் ஃபைல் சிஸ்டம்காரர்களுக்குத் தூக்கம் போகிறது.

ஒரு ஃபைலின் வாலில் 64 கிலோபைட் சேர்க்க வேண்டும். முதலில் காலி இடம் பிடிக்கணும். அந்தக் 'காலி' நிஜத்தில் காலி இல்லை. நேற்று அழித்த யாரோ ஒருவரின் சம்பளப் பட்டியல் அங்கேயே கிடக்கலாம். நீளத்தை முதலிலேயே கூட்டிவிட்டு, எழுதுவது தோற்றுப்போனால்? உங்கள் ஃபைலில் அவருடைய பேஸிக், டி.ஏ. எல்லாம் தெரியும்!

இதற்கு லினக்ஸின் இஎக்ஸ்டி4 செய்யும் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதுமுன் அந்த ஃபைலை 'அனாதைகள் பட்டியலில்' குறித்துக்கொள்ளும் (பெயர் அதுதான், நான் வைத்ததில்லை). எழுதி முடிந்தால் நீளத்தைக் கூட்டி, பட்டியலிலிருந்து அடித்துவிடும். பிழை வந்தால் கூடுதல் இடத்தை வெட்டி எறியும். நடுவில் கரண்ட்டே போனாலும், மறுபடி மெஷினை எழுப்பும்போது பட்டியலைப் பார்த்துப் பழைய நீளத்துக்கு வெட்டிவிடும்.

வாலில் சேர்த்தால் வெட்டலாம். ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுதும்போது? அங்கே வெட்ட வழியில்லை. 'பிழை' என்று பதில் வந்தால் ஒன்றுமே எழுதவில்லை என்று அர்த்தமில்லை, பாதி எழுதியிருக்கலாம், அந்த இடத்தை நம்பாதே என்று லினக்ஸ் மேனுவலே கைவிரிக்கிறது.

சரி, டிராயர் வழியே தேவலையா? அதிலும் வில்லங்கம். 2018-ல் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்காரர்கள் திடுக்கிட்டார்கள். 'எல்லாம் டிஸ்க்குக்குப் போச்சா?' என்று எஃப்சிங்க் மூலம் கேட்டால் லினக்ஸ் ஒரு தரம் 'பிழை' என்கிறது. மறுபடி கேட்டால் 'ஆச்சு சார்' என்கிறது, போகாததைப் போனதாகக் கணக்கெழுதிவிட்டு! அதற்கப்புறம் போஸ்ட்கிரஸ், வழக்கமாக, இரண்டாம் தரம் கேட்பதே இல்லை. பிழை வந்ததும் கடையைச் சாத்திவிட்டு, லாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, விட்டுப்போனதை மறுபடி எழுதுகிறது.