ஓசை இருக்கிறது; இழுவை எங்கே?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வாலிபர் ஒருவர் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புத்தம் புது சைலன்ஸர். மலையே அதிரும்படி முழங்குகிறது. வளைவில் வேகம் தணிகிறது. வாலிபர் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார். வண்டி இருமுகிறது, திணறுகிறது, நின்றே போகிறது! பின்னால் ஏறிவரும் பஸ்ஸோ நெருங்கிவிட்டது. மாதச் சம்பளத்தில் பாதியைக் கொட்டிச் செய்த 'முன்னேற்றம்' இப்படித்தான் முடிய வேண்டுமா?

வாலிபரின் ஆசையில் தவறில்லை. அவர் வேண்டியது இழுவை, வாங்கியது ஓசை. கோளாறு அங்கேதான்.

குதிரையும் மாடும்

குதிரைச் சக்தி வேறு, இழுவை வேறு. இன்ஜின் தன் தண்டை எவ்வளவு பலத்துடன் திருகுகிறது என்பதே இழுவை. முறுக்கு விசை என்பதும் இதுதான். அதைச் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது குதிரைச் சக்தி. பந்தயத்துக்குக் குதிரை சரி. கவலை இறைக்க மாடல்லவா வேண்டும்?

1955-ல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட் இந்த மாட்டு ஜாதியைச் சேர்ந்தது. 346 சி.சி. இன்ஜின், சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90. கனத்த ஃப்ளைவீல். ஆகவே 'டப், டப்' என்று நிதானமாக மேடேறியது. அதன் இன்றைய வாரிசான 349 சி.சி. இன்ஜினும் 27 நியூட்டன் மீட்டர் என்னும் முழு இழுவையை நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. முழுக் குதிரைச் சக்தியான இருபதுக்கோ 6,100 சுற்று வரை போக வேண்டும்.

கடைகளில் விற்கும் பெரும்பாலான 'பவர்' சாமான்கள் என்ன செய்கின்றன? மேல் சுற்றில் பலத்தைக் கூட்டி, கீழ்ச் சுற்றில் பறிக்கின்றன. பெரிய கார்புரேட்டரில் காற்று மெதுவாக நுழைவதால் பெட்ரோல் நன்றாகக் கலப்பதில்லை. பந்தயக் கேம் பொருத்தினால் வால்வு நெடுநேரம் திறந்திருக்கிறது. மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. கீழ்ச் சுற்றுக்கென்று அளவெடுத்த புகைக்குழாயைக் கழற்றி எறிந்தால் அதன் பலனும் கூடவே போகிறது. மிஞ்சுவது சப்தம் மட்டுமே!

மலிவானதே முதலில்

அப்படியானால் இழுவையைக் கூட்ட வழியே இல்லையா? உண்டு. முதல் வழிக்கு அதிகச் செலவில்லை. டாப்பெட் இடைவெளி, பிளக் பொறி விழும் நேரம், காற்று வடிகட்டி, கிளட்ச் வழுக்கல், பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, டயரில் காற்று ஆகியவற்றைச் சரிபார்த்தால் போதும். 'வண்டி இழுக்கவில்லை' என்ற புகார் பல சமயம் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது பல்சக்கரம். முன் சக்கரத்தில் 18 பல் இருந்த இடத்தில் 17 பல் போட்டால், பின் டயருக்கு வரும் இழுவை நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பங்கு கூடும். அதே வேகத்தில் இன்ஜின் சற்று அதிகம் சுற்றும். பெட்ரோலும் சிறிது கூடுதலாகச் செலவாகும். மேட்டு நிலத்தில் வாழ்பவருக்கு இது நஷ்டமல்ல.

மூன்றாவது, சிலிண்டரில் அழுத்தத்தை உயர்த்துவது. பழைய இரும்புச் சிலிண்டர் வண்டிகளில் அளவோடு செய்தால் எல்லாச் சுற்றிலும் பலம் ஏறும். அளவு மீறினால் இன்ஜின் தட்டும், பிஸ்டனே ஓட்டையாகும். கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை இது.

சிலிண்டரையே பெரிதாக்கினால் இழுவை நிச்சயம் கூடும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் கண்ட தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் வம்பு வரலாம். 2020-க்குப் பின் வந்த வண்டிகளிலோ பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர் பெட்டி. அதன் கணக்கு அறியாமல் சைலன்ஸரை மாற்றுவது, வைத்தியரைக் கேளாமல் மருந்து சாப்பிடுவது போலத்தான்.

இழுவை என்பது காதுக்குக் கேட்கிற பொருளல்ல. மேட்டில், இரண்டாவது கியரில், மனைவி மக்களுடன் போகிறவனை நடுவழியில் நிறுத்தாமல் ஏற்றிவிடுகிற பலம் அது. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் வாலிபர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: 'இந்தச் சாமான் எந்தச் சுற்றில் பலம் தரும்?' பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் பர்ஸைத் திறக்காதிருப்பதே புத்திசாலித்தனம்!