அழுத்தத்தைத் தொடும் முன்

அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சும் பீருக்கு மத்திய அரசு வரிவிலக்கு அளித்தது 1978-இல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால். அங்கே இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்களில் பலர், ஒரு காலத்தில் குளிர்பான சிரப்புக்குப் பயன்பட்ட சுமார் 19 லிட்டர் எஃகுப் பீப்பாய்களில் பீரை நிரப்பி, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஏற்றுகிறார்கள். பாட்டில் கழுவும் வேலை மிச்சம். ஆனால் குழாயைத் திறந்தால் சிலருக்குக் கோப்பை முழுக்க நுரை. சிலருக்குக் கேஸ் போன பீர். உடனே கை ரெகுலேட்டருக்குப் போகிறது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்பதே என் வாதம். வெப்பநிலை, குழாய், கசிவு மூன்றையும் பார்த்த பிறகுதான் அழுத்தத்தைத் தொட வேண்டும்.

காரணம் எளிது. மேலே உள்ள அழுத்தத்துக்கு ஏற்பவே திரவத்தில் வாயு கரையும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி காட்டினார். குளிர் கூடினால் இன்னும் அதிகம் கரையும். சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில், 3 டிகிரி செல்சியஸ் குளிரில், ஒரு லிட்டர் பீர் சுமார் இரண்டரை லிட்டர் வாயுவை வாங்கிக்கொள்ளும். அதே அழுத்தத்தில் பீர் 10 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான். ஃபிரிட்ஜ் காட்டும் எண்ணோ காற்றின் குளிர். 19 லிட்டர் பீர் அந்த நிலைக்கு வரப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே முதல் கோப்பைக்குள் வெப்பமானியை வைத்துப் பார்ப்பதே முதல் சோதனை.

அதிக நுரையும் கேஸ் இல்லாத பீரும் எதிரெதிர்க் கோளாறுகள் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வெதுவெதுப்பான குழாயிலோ நீளம் போதாத குழாயிலோ பீர் பாயும்போது வாயு வழியிலேயே பிரிந்து நுரையாகிவிடுகிறது. நுரை அடங்கியதும் மிஞ்சுவது கேஸ் இழந்த பீர். அதைக் குடித்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டினால் நுரைதான் பெருகும். முதல் கோப்பை மட்டும் நுரைத்து அடுத்தவை சரியாக வந்தால், குற்றம் குளிராத குழாயில். எல்லாக் கோப்பையும் நுரைத்தால், குழாயின் நீளத்தையும் வாயு மிகுதியையும் சந்தேகிக்கலாம். உட்குறுக்களவு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உள்ள குழாய்க்கு மூன்று மீட்டர் நீளம் நல்ல தொடக்கம். நுரையே இல்லாமல் கேஸும் இல்லாவிட்டால், மூடியின் ரப்பர் வளையத்திலும் இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தடவினால் போதும். கசியும் இடத்தில் குமிழி எழும்.

முப்பது பவுண்டு அழுத்தத்தில் பீப்பாயைக் குலுக்கினால் ஒரே நாளில் வேலை முடியுமே என்பார்கள். முடியும், ஆனால் அந்த அழுத்தத்தில் குளிர்ந்த பீர் லிட்டருக்கு நான்கு லிட்டருக்கும் மேல் வாயுவை நோக்கி ஓடுகிறது, எங்கே நிறுத்துவது என்பது ஊகமாகிவிடுகிறது. சரியான அழுத்தத்தில் ஒன்றிரண்டு வாரம் விட்டால் எல்லை மீறவே முடியாது. ஊற்றும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கலாமே என்பதும் நியாயமான கேள்வி. ஒரு மாலை விருந்துக்கு அது உதவும். அப்படியே விட்டுவைத்தால் பீர் நாளுக்கு நாள் வாயுவை இழக்கும், குழாயில் வாயுக் குமிழ்கள் தேங்கி மறுபடி நுரைக்கும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதன் விளைவு தெரியும்வரை காத்திருப்பு: இந்த ஒழுக்கம் இருந்தால்தான் எது கோளாறு, எது தீர்வு என்று உறுதியாகச் சொல்ல முடியும்.