களஞ்சியம் எவருடையது?

உணவுப் பொருள்களின் விலை ஏறும்போதெல்லாம் அதனோடு உடன்பிறந்ததுபோல் ஓர் உபதேசமும் எழுகின்றது. முற்றத்திலே பயிரிடுக, மலிந்த காலத்தில் வாங்கிச் சேமித்து வைக்க, பிறரை நம்பியிராதே என்பதே அது. உழைப்பையும் சிக்கனத்தையும் போற்றுவோர் எவரும் இதனைப் பழிக்கமாட்டார். ஆயினும், இவ்வுபதேசம் எவரால் எவருக்குக் கூறப்படுகின்றது, எந்த வினாவை மறைக்கப் பயன்படுகின்றது என்பவற்றை ஆராயாது ஏற்பது அறிவுடைமையாகாது.

அண்மைக்கால வரலாற்றை நோக்குக. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது பெரும்போகத்துக்குரிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டிற்று. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில், ஜூன் மாதத்தில், எரிபொருட் பற்றாக்குறையையும் காரணங்காட்டி, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கி, வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அமைச்சரவை கேட்டுக்கொண்டது. வயலில் உரத்தைப் பறித்த கை, முற்றத்தில் மண்வெட்டியை நீட்டிற்று.

இவ்வுபதேசத்தை ஓட்டமாவடியில் வைத்து உரைத்துப் பார்த்தல் தகும். வாவியை அண்டிய மணற்பாங்கான மண், வீடும் வீடும் நெருங்கிய குடியிருப்பு, கோடையிற் பல கிணறுகளில் உவர்நீர், மாரியில் வெள்ளம். இத்தகைய வளவிலும் ஒரு முருங்கையும் சில கத்தரிச் செடிகளும் ஒரு பசளிக் கொடியும் வளரும். அவை கறிச்செலவைக் குறைக்கும். குழந்தைகளுக்குச் சத்தும் தரும். ஆனால் முற்றத்தில் அரிசி விளையாது. பருப்பும் சீனியும் கோதுமை மாவும் விளையா. வாடகை வீட்டில் வாழ்வோனுக்கு முற்றமே இல்லை. கூலிக்குச் செல்வோனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது அன்றைய அடுப்பு எரியாமை என்றே பொருள்படும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இயந்திரப் படகேறித் தொழில் செய்யும் மீனவனின் அவ்விழப்பை எத்தனை வெண்டிச் செடிகள் ஈடுசெய்யும்?

சேமிப்பின் கதை இன்னும் கொடியது. மலிந்த காலத்தில் வாங்கி வைப்பதற்கு மேலதிகப் பணம் வேண்டும். அன்றாடம் ஒரு கிலோ அரிசி வாங்குவோனிடம் அது இல்லை. உள்ளவன் மூன்று மாதத்துக்கு வாங்கினால் கடையில் சரக்குக் குறைகின்றது. இல்லாதவனுக்கு விலை ஏறுகின்றது. தனிமனிதனின் விவேகம் ஊரின் துன்பமாக மாறுகின்றது. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இருப்பதும் அதனைப் பெறும் வலிமை மக்களுக்கு இருப்பதும் வெவ்வேறானவை எனக் காட்டினார். அப்பஞ்சத்தில் அச்சத்தாலும் இலாப வேட்கையாலும் பதுக்கப்பட்ட அரிசி விலையை மேலும் உயர்த்தியது.

மட்டக்களப்பு நெல் விளையாத மாவட்டமன்று. வாகனேரிக் குளத்து நீர் பாயும் வயல்கள் ஓட்டமாவடிக்குத் தொலைவில் இல்லை. எனினும் பெரும்போக அறுவடையின்போது, கடனும் களஞ்சியமின்மையும் நெருக்க, விவசாயி ஈரநெல்லை வயலோரத்திலேயே விற்கின்றான். அந்நெல்லிற் பெரும்பகுதி பொலன்னறுவை வீதியால் ஆலைகளை நோக்கிச் செல்கின்றது. சில மாதங்களின் பின் அரிசியாகத் திரும்பி, கூடிய விலைக்கு விற்கப்படுகின்றது. 1971இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபையின் கொள்வனவு காலந்தாழ்த்தியே தொடங்குகின்றது என்பது விவசாயிகளின் நெடுநாள் முறைப்பாடு. விளைந்த நெல்லை வைக்க ஊருக்கு இடமில்லாதபோது, வீட்டு அலுமாரியில் ஐந்து கிலோ அரிசியைச் சேமிக்குமாறு கூறுவது கொடிய நகைச்சுவையாகும்.

இவ்வூர் மக்கள் நன்கறிந்த யூசுப் நபியின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலை எகிப்தில் காத்துவைத்தது பொதுக் களஞ்சியம். பஞ்சத்தில் அது அயல்நாட்டார்க்கும் திறந்தது. அவரவர் வீட்டிற் பதுக்குமாறு அங்கே கூறப்படவில்லை. விலையேற்றத்தை எதிர்பார்த்துத் தானியம் பதுக்குவதை இஸ்லாம் பாவமென்றே கண்டித்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய மக்கள் பூங்காக்களையும் கொத்திப் பயிரிட்டனரே என வாதிடுவர் சிலர். உண்மை. ஆனால் அங்கே 1940 ஜனவரியிலேயே பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டம் பங்கீட்டுக்குத் துணையாக நின்றதேயன்றி அதற்குப் பதிலாக நிற்கவில்லை. இலங்கையிலும் 1942இல் அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. 1953இல் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது; பிரதமர் பதவி துறந்தார். அன்றைய மக்கள் சோற்றை அரசின் பொறுப்பாகக் கருதினர். இன்றோ, பசித்தவன் தன் சோம்பலின் பயனையே அனுபவிப்பதாகக் கருதும் மனப்பான்மை வளர்க்கப்படுகின்றது.

ஆகவே வேண்டப்படுவன தெளிவானவை. அறுவடைக்கு முன்னரே நெல்லின் விலை அறிவிக்கப்பட்டுக் கொள்வனவு தொடங்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின்கீழ் உலர்த்துதளமும் நெற்களஞ்சியமும் அமைய வேண்டும். அந்நெல்லைக் குற்றிய அரிசி, விலை ஏறும் மாதங்களில் சங்கக்கடை வழியாக ஊராருக்கே நியாய விலையில் கிடைக்க வேண்டும். வீட்டுத்தோட்டத்தை வற்புறுத்துவோர், வளவில்லாதோர்க்குப் பொதுநிலமும் நன்னீரும் விதையும் தருவதற்கும் குரல்கொடுக்க வேண்டும்.

2023இல் பணவீக்கம் தணிந்தது. விலைகளோ பழைய நிலைக்கு இறங்கவில்லை. அடுத்த நெருக்கடியிலும் இதே உபதேசம் ஒலிக்கும். முருங்கையை நடுவோர் நடுக! ஆனால், அதன் நிழலில் நின்று, ஊர் விளைவித்த நெல் எங்கே சென்றது என்று உரத்துக் கேட்கவும் தவறாதிருப்பாராக!